கேஸ் வாடை பெரியவர்களுக்குத் தெரிகிறதா?

காலை ஒன்பது மணிக்கு மேல் காணை வட்டாரத்துக் கிராமங்களில் ஏதாவது ஒரு தெருவில் நடந்து பாருங்கள். வீட்டுக்கு ஒருவர்தான் இருப்பார். அவரும் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவராக இருப்பார். நடுவயதுக்காரர்கள் கழனிக்கோ நூறு நாள் வேலைக்கோ போயிருப்பார்கள். பிள்ளைகள் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் பஸ் ஏறியிருப்பார்கள். சென்னையிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. வீட்டுக்குள் கேஸ் சிலிண்டர், மூலையில் பூச்சி மருந்து, உள்ளறையில் மல்லாட்டை மூட்டை, கொட்டகையில் கறவை மாடு. இத்தனைக்கும் பகல் முழுக்கக் காவல் அந்த ஆயாவோ தாத்தாவோதான்.

அந்தக் காவலில் கண், காது போலவே மூக்குக்கும் வேலை இருக்கிறது. பால் திரிந்ததா, எண்ணெய் காறிப்போனதா, குழம்பு ஊசிவிட்டதா, வயரில் ரப்பர் கருகுகிறதா, கேஸ் கசிகிறதா என்பதெல்லாம் முதலில் மூக்குக்குத்தான் தெரியும். கண் மங்கினால் முகாமுக்குப் போய் கண்ணாடி வாங்குகிறோம். காது மந்தமானால் வீட்டிலுள்ளவர்கள் சத்தமாகப் பேசத் தொடங்குகிறார்கள். மூக்கு மந்தமானால் யாருக்கும் தெரிவதில்லை, மூக்கின் சொந்தக்காரருக்கே கூட.

காணைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வயது 76. போன தை மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேஸ் வாடை. உள்ளே ஓடினால், பெரியம்மா அடுப்புக்கு எதிரே மணையில் உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார். அடுப்பின் ஒரு திருகு பாதி திறந்திருக்கிறது. பால் பொங்கி வழிந்து தீ அணைந்திருக்க வேண்டும்.

"பெரியம்மா, கேஸ் நாத்தம் இப்படி அடிக்குதே, தெரியலையா?"

"எங்கடா அடிக்குது? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

திருகை மூடி, ரெகுலேட்டரை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். லைட் சுவிட்சில் கை வைக்காதது என் புத்திசாலித்தனம் அல்ல, அன்று கரன்ட் இல்லை. இந்தப் பெரியம்மாதான் ஒரு காலத்தில் செக்கு எண்ணெயை உள்ளங்கையில் ஒரு சொட்டு தேய்த்து மோந்து பார்த்து, எந்த மாதத்து மல்லாட்டையில் ஆட்டியது என்று சொன்னவர். அந்த மூக்கு எப்போது போனது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எத்தனை பேருக்கு இப்படி?

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டோட்டியும் அவருடன் பணியாற்றியவர்களும், சுரண்டினால் வாசனை வரும் 40 அட்டைகளைக் கொண்ட ஒரு சோதனையை உருவாக்கினார்கள். 5 வயது முதல் 99 வயது வரை 1,955 பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, 1984ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாசனையை அடையாளம் காணும் திறன் இருபதுகளிலிருந்து நாற்பதுகள் வரை உச்சத்தில் இருக்கிறது. எழுபதுக்கு மேல் வேகமாகச் சரிகிறது. 65 முதல் 80 வயதுக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பெரிய அளவில் குறைபாடு இருந்தது. 80ஐத் தாண்டியவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல். ஆண்களைவிடப் பெண்களின் மூக்கு கூர்மையாக இருந்தது. புகை பிடிப்பவர்கள் பின்தங்கியிருந்தார்கள்.

அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1986 செப்டம்பரில், நேஷனல் ஜியாக்ரபிக் இதழ் ஆறு வாசனைகள் அடங்கிய அட்டையைத் தன் வாசகர்களுக்கு அனுப்பியது. ஏறக்குறைய 15 லட்சம் பேர் பதில் எழுதினார்கள். கிராம்பு, ரோஜா, வாழைப்பழம் ஆகியவற்றோடு கேஸில் கலக்கும் வாடையும் அந்த ஆறில் ஒன்று. எல்லா வாசனையும் ஒரே வயதில், ஒரே வேகத்தில் மங்குவதில்லை என்பது அதில் தெரிந்தது. நமக்கு இது முக்கியம். மல்லிகைப்பூ மணக்கிறது, காபி மணக்கிறது, ஆகவே என் மூக்கு சரியாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், கேஸ் வாடையும் அவருக்குத் தெரியும் என்று அர்த்தம் இல்லை.

அமெரிக்க அரசு 2012க்குப் பிறகு நடத்திய தேசிய உடல்நல ஆய்வில் இன்னும் நேரடியாகவே பார்த்தார்கள். 70 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால் புகை வாசனையை அடையாளம் சொல்ல முடியவில்லை. பத்தில் மூன்று பேரால் கேஸ் வாடையைச் சொல்ல முடியவில்லை. மூக்கு குறைந்தவர்களில் பலர், முன்கூட்டிக் கேட்டபோது தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றே சொல்லியிருந்தார்கள்.

மூக்கின் மேல்கூரையில் ஒரு தபால்தலை அளவுள்ள இடத்தில்தான் வாசனை நரம்புச் செல்கள் இருக்கின்றன. இவை தேயத் தேயப் புதிதாக முளைக்கக்கூடியவை. வயதாக ஆக முளைப்பது குறைகிறது. அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் நுழையும் எலும்புச் சல்லடையின் துளைகளும் சுருங்குகின்றன. ஆண்டுக்கணக்கில் விறகடுப்புப் புகை, பீடி, மூக்கில் சதை வளர்ச்சி, தலையில் பட்ட அடி, வைரஸ் சளி ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். கொரோனா வந்தபோது வாசனை போன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அது ஒரே நாளில் போனதால் தெரிந்தது. வயதில் போவது இருபது ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. அதனால்தான் தெரிவதில்லை.

கேஸுக்குத் தன் வாடை கிடையாது

நம்மில் பலர் நினைப்பதுபோல் சமையல் கேஸுக்கு இயல்பாக நாற்றம் இல்லை. எத்தில் மெர்காப்டன் என்ற பொருளை வேண்டுமென்றே கலக்கிறார்கள். அழுகிய முட்டைக்கோஸ் போன்ற அந்த நாற்றம், காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவில் கலந்தாலே நல்ல மூக்குக்குத் தெரியும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பெரும் துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தரைக்கு அடியில் இயற்கை எரிவாயு கசிந்து தேங்கியிருந்தது. வாடை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு தீப்பொறியில் கட்டடமே வெடித்து, மாணவர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 300 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் வாயுவில் நாற்றம் கலக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது.

ஆனால் நாற்றம் கலந்தால் மட்டும் போதாது, அதை முகர ஆள் வேண்டும். இங்கிலாந்தில் அப்போது வீடுகளில் நிலக்கரி வாயு எரித்தார்கள். அதில் நச்சுள்ள கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும். வாயு கசிந்து தற்செயலாக இறந்தவர்களில் முதியவர்கள் மிக அதிகம். சால்க், டியூஹர்ஸ்ட் என்ற இரு மருத்துவர்கள் 1957ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். முதியவர்களின் மோப்பக் குறைவும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்ட விஷயம்.

நம் பக்கம் கேஸ் அடுப்பு பரவலானது அண்மையில்தான். 2006ல் வந்த தி.மு.க. ஆட்சியில் இலவச கேஸ் அடுப்புத் திட்டம், பிறகு 2016 மே மாதம் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வலா திட்டம் ஆகியவற்றின் வழியாகவே பல கிராமத்து வீடுகளுக்கு முதல் சிலிண்டர் வந்தது. விறகடுப்பில் புகை போனது மிகப் பெரிய நன்மை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் விறகடுப்பு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். தீ கண்ணுக்குத் தெரியும், புகை கண்ணை எரிக்கும். கசியும் கேஸைக் காட்டிக்கொடுப்பது மூக்கு ஒன்றுதான். ஐம்பது ஆண்டு விறகடுப்புப் புகையில் ஊதிய அதே மூக்கை நம்பி, ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருவரிடம் கேஸைக் கொடுத்திருக்கிறோம்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து தாழ்வான மூலைகளில் தேங்கும். காற்றில் சுமார் 2 விழுக்காடு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். அதில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்போதே வாடை தெரிய வேண்டும் என்ற கணக்கில்தான் நாற்றத்தைக் கலக்கிறார்கள். அந்தக் கணக்கு நல்ல மூக்குக்குப் போட்ட கணக்கு. மங்கிய மூக்குக்கு வாடை எட்டும்போது, கேஸ் ஆபத்தான அளவை நெருங்கியிருக்கலாம். இன்னொன்றும் உண்டு. எந்த வயதானாலும் ஒரே வாடையில் சில நிமிடங்கள் இருந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் வாசலில் வந்தவருக்குத் தெரிவது அதனாலும்தான்.

ஆகவே மூக்கு இல்லாமலேயே வீடு தப்பிக்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். சமையல் முடிந்ததும் அடுப்புத் திருகை மட்டும் மூடாமல் ரெகுலேட்டரையும் மூடுவது முதல் பழக்கம். இது ஒன்றை மட்டும் பெரியவர்களுக்குப் பழக்கிவிட்டாலே பாதி ஆபத்து குறையும். மூட்டுவலியால் குனிய முடியாத ஆயாவுக்கு, மேடைக்கு அடியில் இடுக்கில் சிலிண்டரைத் திணித்து வைத்துவிட்டு "ரெகுலேட்டரை மூடு" என்று சொன்னால் அவர் எப்படி மூடுவார்? கைக்கு எட்டும் இடத்தில், காற்றோட்டம் உள்ள பக்கமாக சிலிண்டர் நிற்க வேண்டும். படுக்க வைக்கக் கூடாது. அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

ரப்பர் குழாய் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள 'சுரக்ஷா' குழாயாக இருக்கட்டும். உள்ளே கம்பி பின்னிய, ஆரஞ்சு நிறக் குழாய் அது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எலி கடித்த குழாயில் துணி சுற்றி ஓட்டுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அது குழாய் அல்ல, திரி. கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சோப்பு நுரையை இணைப்பிலும் குழாயிலும் தடவினால் போதும். குமிழி வந்தால் கசிவு. இதற்கு மூக்கு தேவையில்லை, கண் போதும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழைய வழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

புது அடுப்பு வாங்கும் வீட்டினர், தீ அணைந்தால் தானாகவே கேஸை நிறுத்தும் அமைப்பு உள்ள அடுப்பைக் கேட்டு வாங்கலாம். பெரியம்மா வீட்டில் நடந்தது அந்த அடுப்பில் நடந்திருக்காது. கேஸ் கசிந்தால் கத்தும் அலாரக் கருவியும் கடைகளில் கிடைக்கிறது. அதை மாட்டுபவர்கள் செய்யும் தவறு, சுவரில் உயரத்தில் மாட்டுவது. சமையல் கேஸ் தரையில் படர்வதால், தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குள் மாட்ட வேண்டும். பெரியவருக்குக் காதும் மந்தம் என்றால், அடுத்த வீட்டுக்குக் கேட்கிற அளவு சத்தம் உள்ளதாகப் பாருங்கள்.

கசிவு தெரிந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. செல்போனைக்கூட வெளியே வந்துதான் எடுக்க வேண்டும். கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906, இரவும் பகலும் இயங்குகிறது. சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

பூச்சி மருந்து பாட்டில்

விவசாயி வீட்டுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. மீந்த பூச்சி மருந்தைக் குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைப்பது. "மோந்து பார்த்தா தெரியாதா என்ன" என்ற தைரியம்தான் காரணம். ஊற்றி வைத்தவருக்குத் தெரியும். மூக்கு போன தாத்தா, அரை இருட்டில் எண்ணெய் என்று எடுத்தால் தெரியாது. மருந்தை அது வந்த பாட்டிலிலேயே வைக்க வேண்டும். பூட்டுப் போட்ட பெட்டியில், தானியமும் தீவனமும் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். பாட்டிலில் உள்ள வண்ண முக்கோணம் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சின் அளவைச் சொல்கிறது. சிவப்புதான் கடுமையானது. எழுத்து படிக்க முடியாத பெரியவருக்கும் இந்த நிறத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். வேறு பாட்டிலுக்கு மாற்றினால் அந்த நிறமும் போய்விடும்.

மூக்குக்கும் பூச்சி மருந்துக்கும் வேறு ஒரு தொடர்பும் உண்டு. அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளை இருபது ஆண்டு காலம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2019ல் வெளியானது. ஒரு தடவையாவது மருந்து மேலே கொட்டியோ, முகத்தில் தெறித்தோ அதிக அளவில் பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் வாசனை தெரியாமல் போவது ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தது. பட்ட உடனே சோப்புப் போட்டுக் கழுவியவர்களைவிட, மணிக்கணக்கில் தாமதித்தவர்களுக்குப் பாதிப்பு அதிகம். கைத்தெளிப்பான் ஒழுகி முதுகு நனைந்த சட்டையோடு மாலை வரை வேலை செய்கிற நம் ஆட்களுக்கு இதைவிட நேரடியாகச் சொல்ல முடியாது. தெளிக்கும் வயலிலேயே ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் இருக்க வேண்டும்.

தானிய மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரக்காற்று பட்டால் இதிலிருந்து பாஸ்பீன் என்ற கொடிய வாயு வரும். பூண்டு வாடை, அழுகிய மீன் வாடை என்று சொல்வார்கள். அந்த வாடை பாஸ்பீனோடு கலந்திருக்கும் மற்ற பொருள்களால் வருவது. வாடை அடங்கிய பிறகும் நஞ்சு காற்றில் இருக்கலாம். இளைஞரின் மூக்கையே நம்ப முடியாத இடம் இது. சட்டப்படி இதைப் பயிற்சி பெற்ற வல்லுநர்களின் மேற்பார்வையில் அரசு நிறுவனங்களும் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களும் மட்டுமே பயன்படுத்தலாம். ஆனாலும் கிராமத்தில் யாரோ ஒருவர் கொண்டுவந்து கொடுக்கிறார். ஆட்கள் படுக்கும் வீட்டில் இதற்கு இடமே இல்லை. 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூர் அருகே, எலி மருந்து வைத்த வீட்டில் அதன் நெடி பரவி, இரவில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியை மறந்திருக்க மாட்டீர்கள்.

சாண எரிவாயுக் கலன், கழிவுநீர்த் தொட்டி, பாழுங்கிணறு ஆகியவற்றில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடும் அப்படித்தான். சிறிது இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கின் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். "நாத்தம் நின்னுபோச்சு, இறங்கலாம்" என்று இறங்கியவர்கள் மேலே வந்ததில்லை.

மல்லாட்டையும் புண்ணாக்கும்

திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. ரகங்களின் பெயரில் இருப்பதே நம் ஊர்தான். அந்த அளவுக்கு மல்லாட்டை நம் மண்ணோடு சேர்ந்தது. விதைப்பருப்பு கெட்டதா, எண்ணெய் காறியதா என்று மோந்து சொல்லும் பொறுப்பு வீடுகளில் பெரியவர்களிடம்தான் இருந்து வந்தது.

பூசணம் பிடித்த மல்லாட்டையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. இதற்கு நிறமோ மணமோ கிடையாது. முக்கல் வாடை வந்தால் பூசணம் இருக்கிறது என்று அர்த்தம். வாடை வராததால் நஞ்சு இல்லை என்று அர்த்தமாகாது. மூக்கைவிட இங்கே காதும் கையும் நம்பகமானவை. நன்றாகக் காய்ந்த காயை ஆட்டினால் உள்ளே பருப்பு குலுங்கும், விரலால் தேய்த்தால் பருப்பின் தோல் உரியும். ஈரப்பதம் 8 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை காயவைத்து, தரையில் படாமல் கட்டை அடுக்கி மூட்டை வைப்பதுதான் பாதுகாப்பு. சுருங்கிய, நிறம் மாறிய, முளைத்த பருப்பைப் பொறுக்கி எறிய வேண்டும். செக்குக்குப் போடக் கூடாது.

புண்ணாக்கிலும் இதே கதை. பூசணம் பிடித்த புண்ணாக்கை மாடு தின்றால் நஞ்சின் ஒரு பகுதி பாலில் வந்துவிடும். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் முதல் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு வீடே ஊறிய வாடையாக இருக்கும்போது, புண்ணாக்குச் சாக்கின் தனி வாடை யாருக்குத் தெரியும்? மாட்டுக்குத் தீவனம் காட்டும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெரியவருடையது. நனைந்த சாக்கைப் பகல் வெளிச்சத்தில் உடைத்து, பச்சையோ கறுப்போ படர்ந்திருக்கிறதா என்று இன்னொருவர் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

சாப்பாட்டிலும் ஒரு வார்த்தை. வாசனை குறைந்தால் ருசி குறையும். ருசி குறைந்தால் உப்பும் சர்க்கரையும் கூடும். ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு இது நல்லதல்ல. மருமகள் சமையலில் உப்பு இல்லை என்று நடக்கும் சண்டைகளில் சிலவற்றுக்கு மூக்கே காரணமாக இருக்கலாம்!

வீட்டிலேயே பார்த்துவிடலாம்

பெரியவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். காபித்தூள், பெருங்காயம், கிராம்பு, மல்லிகை, நறுக்கிய எலுமிச்சைத் தோல், ரசப்பொடி என்று ஒவ்வொன்றாக மூக்கருகே காட்டி என்னவென்று கேளுங்கள். இடையிடையே ஒன்றுமில்லாத கிண்ணத்தையும் காட்டுங்கள். ஆறில் இரண்டு மூன்று தவறினால் அந்த வீட்டில் மூக்கை நம்பக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். இது மருத்துவச் சோதனை அல்ல, ஒரு கைக்கணக்கு. எல்லாம் சரியாகச் சொன்னாலும் மேலே சொன்ன கேஸ் ஏற்பாடுகளை விட வேண்டியதில்லை.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. தலைவலித் தைலம், வெங்காயம், அமோனியா போன்றவற்றை வைத்துச் சோதிக்காதீர்கள். இவற்றின் எரிச்சலையும் குளிர்ச்சியையும் முகத்துக்குப் போகும் வேறொரு நரம்பு உணர்கிறது. வாசனை நரம்பு முழுவதுமாகப் போனவருக்கும் தைலம் "ஜிவ்"வென்று ஏறும். "எனக்கு மூக்கு நல்லா இருக்கு, தைலம் தெரியுதே" என்று சொல்பவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அப்போதே "கேஸ் வாடை தெரிகிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டு, ஒரு கிராம்பையும் காபித்தூளையும் காட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் இது பொருந்தும். பூச்சி மருந்துப் பாதுகாப்புப் பயிற்சிக்கு வருபவர்கள் வீட்டின் நடுவயது ஆண்கள். பகலில் அந்த மருந்தோடு வீட்டில் இருப்பவர்கள் வேறு ஆட்கள். பயிற்சியை அவர்களுக்கும் சேர்த்துத் திட்டமிடலாம்.

வாசனை திடீரென்று போனாலோ, ஒரு பக்க மூக்கில் மட்டும் போனாலோ, இல்லாத நாற்றம் அடிப்பதாகத் தோன்றினாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் பகுதிக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சதை வளர்ச்சி, சைனஸ் போன்றவை காரணமானால் சிகிச்சையில் வாசனை திரும்பவும் வாய்ப்பு உண்டு. நடுக்குவாதம், மறதி நோய் ஆகியவற்றில் சிலருக்கு வாசனை முன்கூட்டியே குறையும் என்பதும் உண்மைதான். ஆனால் வாசனை குறைந்த எல்லோருக்கும் அந்த நோய்கள் வரும் என்று பயப்பட வேண்டாம்.

மூக்குக்குப் பயிற்சியும் இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மலும் அவருடைய குழுவினரும் 2009ல் வெளியிட்ட முறை இது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையிலும் மாலையிலும் சில விநாடிகள் நிதானமாக முகர வேண்டும். முகரும்போது அந்தப் பொருளை மனதில் நினைக்க வேண்டும். 12 வாரம் தொடர வேண்டும். சளிக்காய்ச்சலுக்குப் பின் வாசனை இழந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இதில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. வயதால் போனது முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆனால் செலவில்லை, கெடுதலும் இல்லை.

பெரியம்மாவுக்கு நான்கு சிறு டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் சீரியல் பார்க்கும்போது முகர்கிறார். ஏழு வாரம் ஆகிறது. கிராம்பு இரண்டு நாள் தெரிந்தது, பிறகு இல்லை என்கிறார். யூகலிப்டஸ் மட்டும் தினமும் தெரிகிறதாம். அது தைலம் ஏறுவதுபோன்ற எரிச்சலாகத்தான் இருக்கும். தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் அடுப்பு மாசியிலேயே வந்துவிட்டது.